என்பிடெல் படிக்கப் போறீங்களா? எந்த மெயிலில் என்று முதலில் முடிவு பண்ணுங்க

போன செமஸ்டரில் ஸ்வயம் தளத்தில் (மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம்) என்பிடெல் பாடம் ஒன்று எடுத்தேன். ஐஐடி-கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடங்கள்தான் என்பிடெல். 8 வாரமும் அசைன்மென்ட் போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, என் மார்க் இரண்டு கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது என்று.

கணக்குத் தொடங்குவது, பாடம் தேடுவது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். சேரக் காசு கிடையாது. கல்லூரிப் படிப்பில் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ள என்றால் எத்தனை வாரப் பாடம் செல்லும் என்று துறையில் கேட்டுவிட்டுச் சேருங்கள். சும்மா பழகத்தான் என்றால் 4 வாரப் பாடமே போதும்.

இப்போது மெயில் விஷயம். என் போனில் கல்லூரி மெயிலும் சொந்த மெயிலும் இருந்தன. லாகின் பண்ணும்போது இரண்டும் வரிசையாக வரும்; கை போன போக்கில் ஒன்றைத் தொட்டுவிட்டேன். உள்ளே போனால் மறுபடி ‘ஜாயின்’ பட்டன்! நெட் கோளாறாக இருக்கும் என்று திரும்பவும் அழுத்தினேன். அங்கேதான் சறுக்கினேன். ஒன்றில் 5 அசைன்மென்ட், இன்னொன்றில் 3. 8 வாரப் பாடத்தில் சிறந்த 6-இன் சராசரிதான் அசைன்மென்ட்டுக்கான 25 மார்க்குக்குப் போகும். ஆறாவது இடத்தில் எனக்கு முட்டை. சேர்ந்த பாடத்துக்கு மறுபடி ‘ஜாயின்’ காட்டினால் தொடாதீர்கள். மேலே வலது மூலையில் எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் இப்போது லேப்டாப் குரோமில் படிப்புக்கென்றே தனி புரொஃபைல் வைத்திருக்கிறேன். அதில் ஒரே மெயில்தான். வீடியோவுக்கு 360பி தாராளம், கரும்பலகை எழுத்து தெரிகிறது.

அசைன்மென்ட்டைக் கெடு முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. அதனால் அரைகுறையாகவாவது முதலில் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். நான் கட்டியது 1000 ரூபாய். பாடத்தில் சேர்ந்த அதே மெயிலில்தான் நிரப்ப வேண்டும். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் வந்தால்தான் சான்றிதழ்.

பிற்சேர்க்கை: சான்றிதழில் இனிஷியல் விடுபட்டுப்போச்சு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். படிவத்தில் என்ன பெயர் போடுகிறோமோ அதுதான் அச்சாகும். மார்க்‌ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து அப்படியே அடியுங்கள்.