மருத்துவக் கல்லூரியில் "ஸ்டடியில் சேர்றீங்களா?" என்று கேட்டால்

ஓபியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு இளம் டாக்டர் வந்து படிவத்தை நீட்டி, "ஒரு ஸ்டடி பண்றோம், கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டால், முதலில் "இதுக்கு ஸ்பான்சர் யாரு?" என்று கேளுங்கள். பணம் எங்கிருந்தும் வரலாம், ஆனால் ஆய்வைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு ஸ்பான்சருடையது. அது மருந்துக் கம்பெனியாக இருக்கலாம், பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம். டாக்டர் தானே நடத்தும் ஆய்வு, மாணவரின் தீசிஸ் என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல்படி அந்த டாக்டரும் கல்லூரியும்தான் ஸ்பான்சர்.

கம்பெனிக்கு லாபம் தராத கேள்விகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள்தான் எடுத்துக்கொள்கின்றன. 2020-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஸ்பான்சராக நின்று நடத்திய ரெக்கவரி ஆய்வையே பாருங்கள்: பல பத்தாண்டுகளாகப் புழங்கும் மலிவான ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று அந்த ஜூன் மாதமே சொன்னார்கள், ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. எல்லாரும் தேடி ஓடிய மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் பயனில்லை என்று காட்டியதும் அதுதான்.

அதற்காகப் பல்கலைக்கழகம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டியதில்லை. நம் கல்லூரிகளில் எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் தீசிஸ் செய்தாக வேண்டும், அதில் சில வெறும் கேள்வித்தாள், சில ஒரு குழாய் ரத்தம். "என் வைத்தியத்துல ஏதாவது மாறுமா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். மாறாது என்றால் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

மாறும் என்றால் நிதானியுங்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான் குலுக்கல் முறையில் முடிவு செய்யும், சில ஆய்வுகளில் உங்கள் டாக்டருக்கே அது தெரியாது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைகூட உங்களுக்கு வரலாம். அதனால் "நான் சேரலைன்னா எனக்கு என்ன வைத்தியம் கிடைக்கும்?" என்று கேட்டு, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது, ஆனால் பலர் இதைக் கேட்பதே இல்லை.

தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். சேரவில்லை என்பதற்காக வழக்கமான வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது.

ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு அளவிலோ கல்வி ஆய்வாக (அதாவது விற்பனை அனுமதிக்காக அல்லாமல்) சோதிக்க, 2019-ன் மருந்துச் சோதனை விதிகளின்படி, நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலே போதும், டெல்லியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. அதனால் அந்தக் குழுவின் தொடர்பு எண் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 7 பேர், பாதிப் பேராவது வெளியாட்கள், மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவர் என்று அந்தக் குழு இருக்க வேண்டும். அப்புறம் இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும், 2007-ல் தொடங்கிய சிடிஆர்ஐ என்ற இணையப் பதிவேட்டில் ஆய்வின் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். காசில்லை, ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஸ்பான்சர் யார், பணம் யாருடையது எல்லாம் அதிலேயே தெரியும்.

பணப் பேச்சுக்குக் கூச்சம் வேண்டாம். கூடுதல் டெஸ்டுக்கு யார் கொடுப்பது, பஸ் செலவு உண்டா, இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா? மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உங்கள் உரிமை, அதற்காகத்தான் படிவத்தில் நாமினி பெயர் கேட்கிறார்கள், காலியாக விடாதீர்கள்.

சேர்ந்த பிறகு மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.