ஸ்கார்பரோவில் முதல் மின்சாரக் கார்: முதலில் பிளக்கைத் தேடுங்கள்

கனடாவில் டொரொன்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து, தனியாகக் கார் ஓட்ட விடும் ஜி2 லைசென்ஸ் கையில் கிடைத்ததும் அடுத்த பேச்சு கார்தான். "மின்சாரக் கார் வாங்கு, பெட்ரோல் காசு மிச்சம்" என்று சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொந்த வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தால் கணக்கு வேறு.

நடுத்தரக் கார் ஒன்று நல்ல காலநிலையில் 100 கி.மீ. ஓட சுமார் 18 யூனிட் மின்சாரம் எடுக்கும். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 மே மாதம் மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டம் வந்தது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை யூனிட் சில சதங்கள்தான், தொடங்கியபோது 2.4 சதம். விநியோகக் கட்டணம், வரி சேர்ந்தாலும் 100 கி.மீ.க்கு இரண்டு டாலருக்குள் முடியும். அதே 18 யூனிட்டை வெளியே பொது விரைவு சார்ஜரில், யூனிட் 60 சதம் வீதம் ஏற்றினால் 10 டாலர் 80 சதம். 100 கி.மீ.க்கு 8 லீற்றர் எடுக்கும் பெட்ரோல் காருக்கு, லீற்றர் 1.40 டாலர் என்றால், 11 டாலர் 20 சதம். வெளியே மட்டுமே சார்ஜ் செய்பவருக்கு மிச்சம் 40 சதம்!

அதனால் கார் பார்க்கப் போகுமுன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சாதாரண 120 வோல்ட் பிளக்கே மணிக்கு 6, 7 கி.மீ. தூரம் ஏற்றும். இரவு பத்து மணி நேரம் செருகி வைத்தால் வேலைக்குப் போய்வரப் பலருக்கு அது போதும். மின் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். இரவுத் திட்டத்துக்கு அவர் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் இரவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. மேலும் கீழும் இரண்டு குடும்பம் மின் அடுப்பில் சோறு கறி சமைப்பது அந்த நேரத்தில்தானே.

அப்புறம் தூரம். ஒரு முழு சார்ஜுக்கு இவ்வளவு ஓடும் என்று காரின் விவரத் தாளில் போட்டிருக்கும் கி.மீ. பொய்யில்லை, ஆனால் அது ஜனவரி மாதத்துக்கான கணக்கு அல்ல. குளிரில் பேட்டரி மந்தமாகும். பெட்ரோல் காரில் எஞ்சின் சூடே உள்ளே வரும். இதில் ஹீட்டருக்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். எங்கள் காருக்கு 400 கி.மீ.க்குச் சற்று மேல் என்று எழுதியிருந்தது. மைனஸ் 18 டிகிரியில் 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் நகரம் வரை, 240 கி.மீ. போய்ச் சேர்ந்தபோது மிச்சம் 8 சதவீதம். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க, ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஓட்டிய கடைசி அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை. வின்டரில் நெடுஞ்சாலைப் பயணத்துக்குத் தாளில் உள்ளதில் பாதியை வைத்துத் திட்டமிடுங்கள். குறைந்த மின்சாரத்தில் உள்ளே சூடாக்கும் ஹீட் பம்ப் உள்ள கார் என்றால் கொஞ்சம் தாராளம். புறப்படுமுன், கார் பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிடுங்கள்.

பழைய கார்களில் மலிவாகக் கண்ணில் படுபவை நிசான் லீஃபும் செவ்ரொலே போல்ட்டும். 2018 லீஃப் புதிதிலேயே 240 கி.மீ.தான், விரைவு சார்ஜுக்கு அது கேட்கும் சாடெமோ பிளக் குறைந்துகொண்டே வருகிறது. நகரத்துக்குள் ஓட்ட மட்டும் எடுக்கலாம். 2020 முதல் 2023 வரையான போல்ட்டுக்கு 417 கி.மீ. ஆனால் 2017 முதல் 2022 வரையான போல்ட்டுகள் தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. அந்த வேலை முடிந்ததா, பேட்டரி மாற்றப்பட்டதா என்று காரின் தனி அடையாள எண்ணான விஐஎன் எண்ணை வைத்துக் கேளுங்கள். எந்தக் கார் என்றாலும், வழக்கமான 8 வருடம் அல்லது 160,000 கி.மீ. பேட்டரி உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

அதே விஐஎன் எண்ணைக் காப்புறுதி முகவரிடமும் கொடுத்து மாதக் கட்டணத்தைக் கேளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு, அதுவும் ஸ்கார்பரோ முகவரிக்கு, பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதைவிட அது பெரிய தொகையாக வரலாம். முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.