சோத்தோட பயறு: சாப்பிட்டதும் சுகர் எகிறுறத குறைக்க ஒரு செய்முறை

சுகர்னு ரிப்போர்ட் வந்த வீட்ல எல்லாருக்கும் கிடைக்குற அட்வைஸ் ஒண்ணுதான், "சோறை குறைங்க". சரி குறைச்சாச்சு, அப்புறம் நாலு மணிக்கு பசி தாங்காம பிஸ்கட் பாக்கெட்டை பிரிக்குறாங்களே அதுக்கு என்ன பண்றதுனு யாரும் சொல்றதில்ல. எங்க அம்மாவுக்கு டைப் 2, மத்தியானம் சோறு இல்லாம அவங்களுக்கு சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சப்பாத்தி, ஓட்ஸ், சிறுதானியம்னு எல்லா ரவுண்டும் அடிச்சிட்டு கடைசில எங்களுக்கு செட் ஆனது சோத்துல ஒரு பகுதிய எடுத்துட்டு அந்த எடத்துல முழுப் பயறு வைக்குறது. அதத்தான் இங்க எழுதுறேன். டைப் 1 இருக்குறவங்க இன்சுலின் கணக்கு வேற, அவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க.

ஏன் வேலை செய்யுதுனு சுருக்கமா சொல்லிடுறேன். பயறுக்குள்ள இருக்குற மாவுச்சத்து கெட்டியான செல் சுவருக்குள்ள அடைபட்டு இருக்கு, வெந்தாலும் அது முழுசா ஒடையாது, அதனால செரிமானம் மெதுவா நடக்கும். கூடவே நார்ச்சத்தும் புரோட்டீனும் இருக்கறதால வயித்துலேர்ந்து சாப்பாடு கீழ எறங்குறதும் லேட் ஆகும், பக்கத்துல இருக்குற சோத்தையும் சேத்து லேட் ஆக்கும். 2018ல கனடால குவெல்ஃப் யூனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி, சோத்துல பாதிய எடுத்துட்டு லென்டில், அதாவது நம்ம மைசூர் பருப்பு வகை, வச்சு குடுத்தப்ப ரத்த சர்க்கரை ஏறுறது 20 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது, உருளைக்கிழங்குல பாதிக்கு 35 சதவீதம் வரை. அது சுகர் இல்லாத 24 பேரை வச்சு பண்ணது. சுகர் இருக்குறவங்களை வச்சு பண்ணதுனா 2012ல டொரோன்டோல டேவிட் ஜென்கின்ஸ் டீம், 121 பேர், மூணு மாசம், தினம் ஒரு கப் பயறு வகை. ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகரை காட்டுற டெஸ்ட், 0.5 சதவீதம் குறைஞ்சுது, கோதுமை நார்ச்சத்து அதிகமா சாப்பிட்ட இன்னொரு குரூப்புக்கு 0.3. மாத்திரைய தூக்கிப் போடுற அளவுக்கு இல்ல, ஆனா சுண்டல் தின்னு கிடைக்குற லாபம்னு பாத்தா எனக்கு பெருசாதான் தெரியுது.

ஸ்டெப் 1: மொதல்ல மாத்திரை சீட்டை பாருங்க

இத ஏன் மொதல்ல வைக்குறேன்னா, சோத்த திடீர்னு பாதியாக்கிட்டு மாத்திரை அதே டோஸ்ல போனா லோ சுகர் ஆகலாம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுறவங்க, இன்சுலின் போடுறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிங்க. படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் வந்தா உடனே செக் பண்ணுங்க, 70க்கு கீழ இருந்தா உடனே குளுக்கோஸ். கிட்னி பிரச்சனை இருக்கு, கிரியேட்டினின் ஏறியிருக்குன்னா பயறுல இருக்குற பொட்டாசியம், புரோட்டீன் ரெண்டும் யோசிக்க வேண்டிய விஷயம், டாக்டரை கேக்காம இந்த பக்கமே வராதீங்க.

ஸ்டெப் 2: எந்த பயறு

கறுப்பு கொண்டக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, ராஜ்மா, காஞ்ச பட்டாணி. தோலோட முழுசா இருக்குறதா பாத்து எடுங்க. என் ஓட்டு கறுப்பு கொண்டக்கடலைக்கு, வெள்ளைக் கடலை சீக்கிரம் கொழைஞ்சிடுது. புதுசா ஆரம்பிக்குறவங்களுக்கு பச்சைப்பயறு ஈஸி, முந்தின நாளே ஞாபகமா ஊற வைக்கணும்னு இல்ல. கொள்ளு நல்லதுதான், எங்க வீட்ல ரசத்த தாண்டி யாரும் தொட மாட்டேங்குறாங்க.

அரிசி எதுன்னு ரொம்ப மண்டைய ஒடைக்காதீங்க. பொன்னியா சோனா மசூரியானு சண்டை போடுறவங்க இருக்காங்க. நம்ம கோபாலபுரத்துல இருக்குற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அளந்து பாத்ததுல பொன்னிக்கு கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஒரு சாப்பாடு சுகரை எவ்வளவு வேகமா ஏத்துதுனு காட்டுற எண்) 70.2, சோனா மசூரிக்கு 72. ரெண்டுமே ஹைதான். கொண்டக்கடலைக்கு அதுல பாதி கூட வராது.

ஸ்டெப் 3: வேக வைக்குறது

கொண்டக்கடலை, ராஜ்மா ராத்திரியே ஊறட்டும், ஊறின தண்ணிய கீழ ஊத்திடுங்க, வாயு பிரச்சனை கொஞ்சம் குறையும். ராஜ்மாவ அரைவேக்காடா சாப்பிடவே கூடாது, வாந்தி வயித்துவலி வரும், குக்கர்ல நல்லா வேகணும். எத்தன விசில்னு கேக்காதீங்க, குக்கருக்கு குக்கர் மாறும். ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அமுக்குனா நசுங்கணும், ஆனா கரண்டில எடுக்கறப்ப முழுசா நிக்கணும், அதான் பதம். சீக்கிரம் வேகணும்னு சோடா உப்பு போடுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, கூழாயிடும், சோடியமும் ஏறும், முக்காவாசி பேருக்கு சுகரோட பிரஷரும் இருக்கும்ல.

ஞாயித்துக்கிழமை மொத்தமா வேக வச்சு டப்பால போட்டு ஃப்ரீசர்ல வைக்கலாம், வேலைக்கு போறவங்களுக்கு வேற வழியும் இல்ல.

ஸ்டெப் 4: அளவு (இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க)

"நாங்க தினமும் சாம்பார் ஊத்திதானே சாப்பிடுறோம், அதுல பருப்பு இருக்கே"னு கேப்பீங்க. எங்க வீட்லயும் இதே பேச்சுதான். ஒரு நாள் கிச்சன் தராசுல வச்சு பாருங்க. நாலு பேருக்கு சாம்பார் வைக்க நூறு கிராம் துவரம்பருப்பு போட்டு, அதே சாம்பார் மத்தியானமும் ராத்திரியும் ஓடுனா, ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு பன்னெண்டு பதிமூணு கிராம் காஞ்ச பருப்புதான் வருது. அதுவும் தோல் எடுத்து, ஒடைச்சு, கொழைய வேக வச்சு, கடைஞ்சு, தண்ணி ஊத்துனது. அதுக்கு பக்கத்துல ரெண்டு கப் சோறு. சோத்து மலைக்கு முன்னாடி அந்த பருப்பு என்ன பண்ணும் சொல்லுங்க. ஹோட்டல் சாம்பாரை நான் கணக்குலயே சேக்குறதில்ல.

சரி அப்ப சுண்டல் வைப்போம்னு முடிவு பண்ணி, அதே ரெண்டு கப் சோத்துக்கு மேல ஒரு கப் சுண்டலையும் சேத்து சாப்பிட்டா? சுண்டல்லயும் மாவுச்சத்து இருக்குங்க. வெந்த கொண்டக்கடலை நூறு கிராம்ல கார்ப் கிட்டத்தட்ட 27 கிராம், அதுல ஏழெட்டு கிராம் நார்ச்சத்து. வெந்த சோறு நூறு கிராம்ல 28. மொத்த கணக்கு பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பிதான், ரத்தத்துக்கு போய் சேர்ற வேகத்துலதான் வித்தியாசம். அதனால சோறு அப்படியே இருக்க மேல சேத்தா வயிறுதான் பெருசாகும். சேக்குற அளவுக்கு சோறை எடுத்தே ஆகணும்.

எங்க வீட்ல பண்றது இதான்: 200 மில்லி ஸ்டீல் டம்ளர் ஒண்ணு இதுக்குன்னே எடுத்து வச்சாச்சு. மொத வாரம் ரெண்டு டம்ளர் சோறு எடுத்துக்குறவங்க ஒன்றரை சோறு, அரை டம்ளர் பயறு. வயிறு பழகுனதும் ஒண்ணுக்கு ஒண்ணு. மொத நாளே ஒண்ணுக்கு ஒண்ணு போனீங்கன்னா வாயு பிடிச்சு, "இந்த வேலையே வேணாம்"னு மூணாவது நாள் நிறுத்திடுவாங்க. பெருங்காயம், இஞ்சி தாராளமா போடுங்க. ஏதோ ஆப்ல போட்டோ எடுத்து கலோரி எண்ணுறத விட இந்த டம்ளர் நம்பகமானது, என் அனுபவத்துல.

சுண்டலை மொதல்ல சாப்பிட்டு முடிச்சிட்டு அப்புறம் சோத்துக்கு போங்க. இதுல இன்னொரு லாபம், சோறு எடுத்துக்குறது தானா குறையுது.

ஸ்டெப் 5: உங்களுக்கு வேலை செய்யுதானு டெஸ்ட் பண்றது

ஆராய்ச்சி எல்லாம் சராசரி, உங்க உடம்பு உங்களோடது. ரெண்டு நாள் எடுத்துக்கோங்க, ரெண்டு நாளும் ஒரே நேரம், ஒரே காலை டிபன், ஒரே மாத்திரை, அதே குழம்பு, அதே பொரியல். ஒரு நாள் வழக்கமான சோறு, இன்னொரு நாள் பாதி சோறு பாதி பயறு. காலை டிபனும் ஒண்ணா இருக்கணும்னு ஏன் சொல்றேன்னா, காலைல பயறு சாப்பிட்டா மத்தியான சாப்பாட்டுக்கும் சுகர் கம்மியா ஏறும், இத 1982லயே ஜென்கின்ஸ் டீம் லென்டில் வச்சு காட்டியிருக்காங்க. காலைல பெசரட்டு (பச்சைப்பயறு தோசை) சாப்பிட்டுட்டு மத்தியானம் டெஸ்ட் பண்ணா எது எதனாலனு தெரியாம போயிடும்.

சாப்பிடுறதுக்கு முன்னாடி விரல்ல ஒரு குத்து, மீட்டர்ல சுகர் பாத்துக்கோங்க. அப்புறம் முதல் வாய் வச்ச நேரத்துலேர்ந்து டைமர், கை கழுவுன நேரத்துலேர்ந்து இல்ல. நம்ம வீட்ல மத்தியான சாப்பாடு பேச்சோட முக்கா மணி நேரம் ஓடும், ரீடிங் அங்கயே மாறிடும். ரெண்டு மணி நேரத்துல மட்டும் பாத்தா போதும்னு சொல்லுவாங்க, டாக்டருக்கு காட்ட அது சரி, ஆனா இந்த டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரத்துலயும் பாருங்க. ஏன்னா வெறும் சோறு வேகமா ஏறி வேகமா எறங்கும், பயறு கலந்தது மெதுவா ஏறி மெதுவா எறங்கும். ரெண்டாவது மணி நேரத்துல ரெண்டும் பக்கத்து பக்கத்துல வந்து நிக்கலாம், அப்ப "ஒண்ணும் குறையலையே"னு தோணும். வித்தியாசம் அந்த ஒரு மணி நேர நம்பர்லதான் நல்லா தெரியும். சாப்பாட்டுக்கு அப்புறம் 180க்குள்ள இருக்கணும்ங்குறது பொதுவான டார்கெட், உங்களோடது என்னன்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, நாம கையால பெசஞ்சு சாப்பிடுறவங்க. வலது கைல சோறு பெசஞ்சிட்டு அதே கை விரல்ல குத்துனா ஒட்டியிருக்குற சாப்பாடு ரீடிங்கை ஏத்தி விட்டுடும். ரெண்டு கையும் சோப்பு போட்டு கழுவி, நல்லா தொடைச்சிட்டு, இடது கைல குத்துங்க, விரல் நுனிக்கு பக்கவாட்டுல, வலி கம்மி.

மீட்டர் எது வாங்கலாம்னா, உங்க தெரு மெடிக்கல்ல எதுக்கு ஸ்ட்ரிப் எப்பவும் கிடைக்குமோ அது. மீட்டரை சலுகை விலைல குடுத்துட்டு ஸ்ட்ரிப்ல வாங்கிடுவாங்க, ஸ்ட்ரிப் விலைய கேட்டுட்டு மீட்டரை எடுங்க. எந்த நல்ல மீட்டரும் 15 சதவீதம் வரைக்கும் முன்ன பின்ன காட்டலாம், அதுக்கு ஸ்டாண்டர்டே அவ்வளவுதான் கேக்குது. அதனால 172, 165 எல்லாம் வித்தியாசமே இல்ல, ஒண்ணுதான். 210க்கும் 165க்கும்னா யோசிக்கலாம், அதையும் இன்னொரு தடவை பண்ணி பாத்துட்டு நம்புங்க. கைல ஒட்டுற சென்சார் வசதி இருந்தா ஒரு தடவை போட்டு பாக்கலாம், பதினாலு நாளும் படம் மாதிரி கோடு தெரியும், டெஸ்ட்டுக்கு அருமை. மாசா மாசம் அதுக்கு செலவு பண்றது எல்லாருக்கும் தேவைனு எனக்கு தோணல.

அப்டேட்: கேட்ட கேள்விகளுக்கு

அடை, பெசரட்டு கணக்குல வருமா? கொஞ்சம். அரைக்குறப்பவே செல் சுவர் ஒடைஞ்சிடும், அதனால முழுப் பயறு அளவுக்கு எதிர்பாக்காதீங்க. அடையில அரிசிய குறைச்சு பருப்ப ஏத்துனா வெறும் தோசைய விட நிச்சயம் தேவலாம். வெண்பொங்கல்ல பாசிப்பருப்பு இருக்கேன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க, அவ்வளவு கொழைஞ்சதுக்கு அப்புறம் அதுல என்ன தடுப்பு மிச்சம் இருக்கும். கடலை மாவு பஜ்ஜிய தயவுசெஞ்சு இதுல இழுக்காதீங்க. பீச்சுக்கு போனா பஜ்ஜி கடைய தாண்டி தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் வாங்குங்க, மெரினால சுகர்காரங்களுக்குன்னே வச்ச மாதிரி ஐட்டம் அது.

ஒருத்தர் அப்பாவுக்கு வோக்லிபோஸ்னு ஒரு சுகர் மாத்திரை குடுக்குறாங்களாம், பயறு சேத்ததும் வாயு ரொம்ப அதிகமாயிடுச்சுனு எழுதியிருந்தாங்க. அந்த மாத்திரையே செரிக்காத மாவுச்சத்த பெருங்குடலுக்கு அனுப்புறதுதான், அங்க போய் நொதிச்சு வாயு ஆகுது, பயறும் அதையே பண்ணும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவ கால் டம்ளராக்குங்க. இந்த மாத்திரை போடுறவங்களுக்கு லோ ஆனா சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, சர்க்கரைய ஒடைக்குற வேலையத்தான் அந்த மாத்திரை தடுக்குது, அதனால வீட்ல குளுக்கோஸ் பவுடர் டப்பா ஒண்ணு கட்டாயம் வச்சுக்கோங்க.

பல்செட் போட்ட பெரியவங்க கொண்டக்கடலைய மெல்ல முடியலனு நிறைய பேர் சொன்னீங்க. முழுசா வேக வச்சதுக்கு அப்புறம் கரண்டியால லேசா மசிச்சு குடுங்க, மிக்ஸில போட வேணாம். வெந்த பின்னாடி மசிச்சா செல்லு செல்லா பிரியுமே தவிர பெரும்பாலும் ஒடையாது, மாவா அரைச்சு சமைக்குறதுக்கும் இதுக்கும் அந்த வித்தியாசம் இருக்கு. பச்சைப்பயறுனா மசிக்கவே தேவையில்ல, இன்னும் ஒரு விசில் விட்டா போதும்.