வானம் பார்த்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போன வருஷம் இந்நேரம் நல்ல மழை" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "இல்லையே, அது அதற்கு முந்தின வருஷம்" என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே நிலத்தில் நின்று ஒரே வானத்தைப் பார்த்தவர்கள்தான். வெள்ளம் புகுந்த நாளும் பயிர் காய்ந்த மாதமும் மனதில் நிற்கின்றன. நடுவில் வந்த நூற்றுக்கணக்கான சாதாரண நாட்கள் தங்குவதில்லை. அதனால்தான் மழை, வெப்பம், காற்று எல்லாவற்றையும் தினமும் குறித்துவைக்க ஒரு நோட்டு வேண்டும். ஆனால் அந்த நோட்டிலும் விசேஷமான நாட்களை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இது.

மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். மழைமானியைப் பார்க்க முடியாமல் போன நாளில் ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. வெளியூர் போய்விட்டு மூன்றாம் நாள் வந்து பார்த்தால், இருக்கும் தண்ணீரை அளந்து "3 நாள் சேர்த்து" என்று குறியுங்கள். ஒரே நாளின் மழையாக எழுதினால், பெய்யாத பெருமழை ஒன்று நோட்டில் ஏறிவிடும். அளக்க முடியாத நாலு தூறல் விழுந்ததா? "தூறல்" என்றே எழுதலாம். அதை 0 என்று போடக் கூடாது.

தேதியிலும் குழப்பம் வரும். காலையில் மானியைப் பார்க்கும்போது கிடைப்பது கடந்த 24 மணி நேரத்து மழை. அதில் பெரும்பகுதி நேற்றையது. எந்தத் தேதியில் எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்து, அதை மாற்றாமல் இருந்தால் போதும். பார்க்கும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது, மானியை எங்கே வைப்பது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று வீட்டுச் சுவரோரம் வைப்பார்கள், இல்லையென்றால் மரத்தடியில். சாய்ந்து விழும் மழையைச் சுவர் மறைக்கும். மரம் முதலில் மழையைத் தடுக்கும், மழை விட்ட பிறகு இலையிலிருந்து சொட்டும். பக்கத்தில் இருக்கும் மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். இடம் இருந்தால் நான்கு மடங்கு. தரையோடு தரையாக வைத்தால் மண்ணில் தெறிக்கும் துளியும் உள்ளே போகும். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும், கோணாமல் மட்டமாகவும் இருக்க வேண்டும்.

மேலே அகன்று கீழே குறுகிய வாளியில் ஸ்கேலை விட்டு அளப்பதும் சரிவராது. நேரான பக்கங்கள் உள்ள பாத்திரத்தில் மட்டுமே தண்ணீரின் உயரமும் மழையின் அளவும் ஒன்று. புனல் வைத்த மானி என்றால் அதனுடன் வந்த அளவுக் குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும். அது உடைந்த பிறகு வேறொரு மானியின் குழாயை வைத்து அளந்தால், அன்றிலிருந்து எழுதும் அத்தனையும் பிழை. இவ்வளவு கறார் எதற்கு என்று தோன்றலாம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். ஒரு ஏக்கரில் 4,000 லிட்டருக்குச் சற்று மேல். அளவில் 5 மி.மீ. பிசகினால், நிலத்துக்குக் கிடைத்த தண்ணீரை ஏக்கருக்கு 20,000 லிட்டர் தவறாகக் கணக்கிடுகிறோம்.

வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தான் சூடேறியதைக் காட்டும். தகரக் கூரையின் அடியிலும் அப்படித்தான். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை அந்த உயரத்தைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் மானி 3 டிகிரி காட்டும்போது பள்ளத்து வயலில் உறைபனி விழுந்திருக்கலாம்.

காற்றை அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையால்தான் சொல்ல வேண்டும். நம் மொழியிலேயே இது இருக்கிறது: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல். ஆனாலும் பலர் காற்று போகும் திசையை எழுதிவிடுகிறார்கள். தரைக்காற்று ஒரு பக்கமும் மேகம் இன்னொரு பக்கமும் போவதும் உண்டு. கம்பத்தின் நுனியையோ கூரை முனையையோ ஒட்டி மேகத்தைச் சில நிமிடம் பார்த்தால் அது நகரும் திசை தெரியும். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

நிலாவைச் சுற்றிய வளையத்தைப் பற்றி "எட்ட வட்டம் கிட்ட மழை" என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் தவறு, அப்படியே நம்புவதும் தவறு. அந்த அகன்ற வட்டம் உயரத்தில் பரவிய மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களால் உண்டாவது. அப்படிப்பட்ட மேகம் சில சமயம் மழைக்கு முன்னோடியாக வரும், சில சமயம் சும்மா கலைந்துவிடும். வட்டம் தெரிந்த ஒவ்வொரு இரவையும் குறித்து, அடுத்த இரண்டு நாளில் மழை வந்ததா என்று எதிரே எழுதுங்கள். வராத நாட்களையும் விடாமல் எழுதினால், உங்கள் நிலத்தில் அந்தச் சொல் எவ்வளவு பலிக்கிறது என்று தெரியும்.

அமாவாசை, பௌர்ணமியோடு மழையை முடிச்சுப் போடுவது வேறு கதை. அமாவாசை, வளர்பிறை அரைநிலா, பௌர்ணமி, தேய்பிறை அரைநிலா என்று நான்கு கட்டங்கள் சுமார் 29.5 நாளில் வந்துபோகின்றன. அப்படியானால் எந்த நாளும் ஏதோ ஒரு கட்டத்துக்கு நான்கு நாளுக்குள் வந்துவிடும். எப்போது பெய்தாலும் நிலாவைக் காரணம் சொல்ல இடம் இருக்கும்.

இடிமேகத்தை வேடிக்கை பார்க்க வயலில் நிற்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடி என்றால் அது ஏறக்குறைய 1 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 30 நொடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியும் திறந்த கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். அன்றைய குறிப்பில் இடைவெளி விழுந்தால் விழட்டும்.

பருவத்தைக் குறிக்கும்போது வருஷத்துக்கு ஒரு மரத்தைப் பார்த்தால் ஒப்பிட முடியாது. ஒரே மரம், ஒரே வரையறை: முதல் பூ விரிந்த நாளா, பாதி மரம் பூத்த நாளா? இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் 1736இல் இப்படித் தொடங்கினார். எந்த மரம் எப்போது துளிர்த்தது, தவளை எப்போது கத்தியது என்று எழுதிவந்தார். அவர் வழிவந்தவர்கள் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஐந்தாறு வருஷக் குறிப்பை வைத்துப் பருவம் மாறிவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது; வானிலைத் துறையினர் சராசரிக்கு 30 வருஷத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

முப்பது வருஷம் ஒரே கை எழுதாது. அதனால் மானி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குப் பார்க்கிறோம், கோடு போட்டால் என்ன பொருள், எந்த மரம் என்பதையெல்லாம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மானியை இடம் மாற்றினால் அந்தத் தேதியையும் அங்கேயே சேருங்கள். இன்று ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நாளைய வரியை எழுத முடிய வேண்டும்.