நாய்க்குப் பேதி நிற்கவே மாட்டேன் என்கிறதா? சிறுகுடல் பாக்டீரியா பெருக்கத்தைப் படிப்படியாக அணுகுவது எப்படி

நாயின் சிறுகுடலில் பாக்டீரியா இருப்பது இயல்புதான். இரைப்பை அமிலம், கணைய நொதிகள், குடலின் அசைவு எல்லாம் சேர்ந்து அவற்றை அடக்கி வைத்திருக்கும். இதில் ஒன்று பழுதானால் அவை கட்டுமீறிப் பெருகி, நாய்க்குச் சேர வேண்டிய சத்தைத் தின்றுவிடும். எது பழுதானது என்று தேடாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் பேதி பெரும்பாலும் திரும்பி வரும்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள். நிறைய, இளகிய மலம், வயிற்றில் கடமுட சத்தம், வாயு, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, சில நாய்கள் தன் மலத்தையே தின்பது, இவையெல்லாம் சிறுகுடல் கோளாறின் அடையாளங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி, சளியோடு அடிக்கடி போனால் சிக்கல் பெருங்குடலில் இருக்கலாம். ரத்தம், தொடர் வாந்தி, துவண்டு படுப்பது இருந்தாலோ, சின்னக் குட்டியாக இருந்தாலோ குறிப்பெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

படி 2: மலப் பரிசோதனை. புழுவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த மலத்தில் ஜியார்டியா கண்ணில் படாமல் தப்பிவிடலாம் என்பதால் வெவ்வேறு நாளில் எடுத்த மலத்தைக் கேட்பார்கள்.

படி 3: ரத்தப் பரிசோதனை. என்னைக் கேட்டால் முக்கியமான படி இதுதான், ஆனால் பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து டிஎல்ஐ (கணைய நொதி சுரப்பைக் காட்டும் அளவு), வைட்டமின் பி12, ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டிஎல்ஐ மிகவும் குறைந்திருந்தால் கணையம் போதிய நொதி சுரக்கவில்லை என்று அர்த்தம் (ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் இது அதிகம்), அப்போது உணவோடு நொதிப் பொடி கலந்து கொடுப்பதுதான் அடிப்படை சிகிச்சை, அதுவும் வாழ்நாள் முழுக்க. பாக்டீரியா பி12-ஐத் தின்று ஃபோலேட்டை உண்டாக்குவதால் முன்னது குறைந்து பின்னது கூடியிருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. பி12 குறைவாக இருந்தால் ஊசியாகவோ மாத்திரையாகவோ ஈடுகட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மற்ற சிகிச்சையும் சரியாகப் பிடிக்காது.

படி 4: உணவை மாற்றுங்கள். கொழுப்பு குறைந்த, எளிதில் செரிக்கும் உணவு, அல்லது மருத்துவர் சொல்லும் ஹைட்ரோலைஸ்டு உணவு (புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்தது). சில நாட்களில் மெல்ல மாற்றி, சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்து, குறைந்தது இரண்டு வாரம் அதை மட்டுமே கொடுங்கள். பிஸ்கட், மெல்லும் எலும்பு, சுவையூட்டிய மாத்திரை எல்லாமே கணக்கில் வரும். வீட்டில் யாராவது ரகசியமாக ஊட்டினால் இந்தச் சோதனையே வீண்!

படி 5: ஆன்டிபயாட்டிக். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மெட்ரோனிடசோல் நல்ல பாக்டீரியாவையும் வாரக்கணக்கில் கலைத்துவிடும். டைலோசினுக்குச் சில நாய்கள் நன்றாகத் தேறும், ஆனால் நிறுத்தியதும் பேதி திரும்புவது சகஜம். அப்புறம், பேதியை நிறுத்த மனிதர்கள் சாப்பிடும் லோபரமைடு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு அது நரம்பு மண்டலத்தையே தாக்கும்.

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள், பி12-ஐ மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி சோதியுங்கள். மலம் கெட்டியாகியும் எடை ஏறவில்லை என்றால் அடுத்து ஸ்கேன், எண்டோஸ்கோபி பற்றிப் பேச வேண்டியிருக்கும்.