எல்லாரும் சேர்ந்து அழுதால் பாட்டு நிற்காது: பிரிவுப் பாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகத் தனிப்பாடல் வெளியிடுகிறவர்கள் பலர் முதலில் கை வைப்பது இந்த வகையில்தான். காதல் முடிந்துவிட்டது, நினைவு மட்டும் போகவில்லை. நிதானமான தாளம், ஒரு பியானோ, பின்னால் கொஞ்சம் வயலின். பார்க்கச் சுலபமாகத் தெரியும். செய்து முடித்த பிறகுதான் நாலு நிமிடம் ஓடியும் கேட்கிறவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது உறைக்கும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வரி "வலிக்குது" என்கிறது, மெட்டும் அதையே சொல்கிறது, பாடகர் விம்முகிறார், வயலின் விசும்புகிறது, அதற்கு மேல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலி. ஐந்து பேரும் அழுது தீர்த்துவிட்டால் கேட்கிறவருக்கு என்ன வேலை மிச்சம்? கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவை.

இதயத்தை எழுதி, டீயை விட்டுவிடுவது

இதயம், உயிர், வலி, ரணம், கண்ணீர், கனவு. இந்த ஆறு சொல்லும் ஒரே பல்லவியில் வருகிற பாட்டுகள் ஏராளம். எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி: வரிகளில் கையால் தொடக்கூடிய பொருள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அந்தப் பாட்டில் நினைவு இல்லை, அறிக்கைதான் இருக்கிறது.

நம் மரபுக்கு இது புதிதல்ல. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். ஆனால் புலவர் இரங்கலைப் பெயர் சொல்லி நிறுத்தியா காட்டினார்? உப்பங்கழி, புன்னை, கூடு திரும்பும் பறவை, பொழுது சாயும் எற்பாடு என்று கருப்பொருளையும் முதற்பொருளையும் அடுக்கினார். துயரத்தை அவை சுமந்தன.

பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

உன் நினைவில் என் இதயம் வலிக்குதே
கண்ணீரில் என் கனவு கரையுதே

இதையே ஒரு டீக்கடை வாசலுக்குக் கொண்டுபோனால்:

ரெண்டு டீன்னு சொல்றேனே
ஒண்ணு ஆறிப் போகுதே

"வலி" என்ற சொல் வரவில்லை. ஆனால் பழக்கத்தில் இரண்டு சொல்லிவிட்ட ஒருவர் அங்கே நிற்கிறார். பல்லவிக்கு இப்படி ஒரு பொருள் போதும். ஆர்வக்கோளாறில் டீ, குடை, கைக்குட்டை, பஸ் டிக்கெட் என்று நாலைந்தைத் திணித்தால் பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் கலப்பது. ஒரு வரியில் "காத்திருக்கேன்", அடுத்த வரியில் "நீ சென்றாய்". சந்தத்துக்காகத்தான் இது நடக்கிறது: "காத்திருக்கேன்" நாலு அசையொலி, "காத்திருக்கிறேன்" ஐந்து. ஒலி இடிக்கும் இடத்தில் சட்டென்று நடையை மாற்றிவிடுகிறார்கள். பாடுகிறவர் இரண்டு வேறு ஆட்களாகக் கேட்கும். எது வேண்டுமோ அதை முதல் வரியிலேயே முடிவு செய்துவிட்டு, இடித்தால் சொல்லை மாற்றுங்கள்.

காலக் குழப்பமும் உண்டு. நினைவுப் பாட்டில் அன்று, இன்று என்று இரண்டு காலங்கள். "நீ சிரிக்கிறாய்" என்று சரணத்தில் வந்தால் அது இப்போதா, அப்போதா? பல்லவி இன்று, சரணம் அன்று என்று பிரித்துக்கொள்வது எளிய ஏற்பாடு. கோபத்தையும் சாபத்தையும் இதில் கலக்க வேண்டாம். "ஏமாத்திட்டா" பாட்டு தனி வகை, அதற்கு வேகமே வேறு.

குறிலை இழுப்பது

தமிழில் மெட்டுக்கு வரி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம். மெட்டு ஒரு ஸ்வரத்தில் நாலு மாத்திரை நின்றால் அங்கே நெடில் வேண்டும். குறில் விழுந்தால் அது நெடிலாக மாறிவிடும், சில நேரம் பொருளே மாறும். "மனம்" இழுபட்டால் "மானம்". "வலி" இழுபட்டால் "வாலி". "நிழல்" தப்பிக்கும், ஏனென்றால் "நீழல்" என்றே செய்யுளில் ஒரு வடிவம் இருக்கிறது. "பிரிவு" தப்பிக்காது, "பிரீவு" என்று கேட்கும்.

மேலே உள்ள டீ வரியையே தத்தகாரத்தில், அதாவது மெட்டின் அளவைக் காட்டும் பொருளற்ற ஒலிகளில், வைத்துப் பாருங்கள். முதல் வரி "தன்ன தான தன்னானே". இரண்டாம் வரி "தன்ன தானத் தானனே". இரண்டிலும் ஏழு அசையொலி இருப்பதால் பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் ஆறாவது இடத்தில் முதல் வரியில் "றே" என்ற நெடில், இரண்டாம் வரியில் "கு" என்ற குறில். மெட்டு அங்கே நின்றால் பாடகர் "போகூதே" என்பார். "ஒண்ணு ஆறிப் போயாச்சே" என்று மாற்றினால் "போ", "யாச்", "சே" மூன்றும் தாங்கும். வரியை எண்ணிக்கையால் மட்டும் சரிபார்க்காமல் நெடில், குறில் இடம் பார்த்துச் சரிபார்க்க வேண்டியது இதனால்தான்.

வரி முடிவில் குற்றியலுகரம் இன்னொரு பொறி. "விட்டு", "சென்று", "நேற்று" போன்ற சொற்களின் உகரம் அரை மாத்திரைக்கு மேல் நிற்காது. அதன்மேல் நீண்ட கார்வை (ஸ்வரத்தை இழுத்து நிறுத்துவது) வைத்தால் "விட்டூ" என்று ஊளையிடும். "விட்டாய்", "சென்றாய்" என்று திருப்பினால் "ஆ" கிடைக்கும். உச்ச ஸ்வரத்துக்கும் ஆ, ஓ, ஏ நல்லவை. ஈ, ஊ இரண்டும் மேலே போகப் போகத் தொண்டையை இறுக்கும். "காலம்" போன்ற மகர ஈற்றில் "ம்" மேல் உதட்டை மூடி இழுக்காமல், உயிரில் நின்று கடைசி நொடியில் மூட வேண்டும்.

தத்தகாரத்தை வெறும் "தன்னானே" என்றுதான் வைக்க வேண்டும் என்பதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' பாட்டுக்கு மெட்டுப் போட்டபோது முட்டைப் பொரியலைப் பற்றிய விளையாட்டு வரிகளை வைத்துத்தான் பாடிக்கொண்டிருந்தார். தற்காலிக வரி அபத்தமாக இருந்தால் நல்லது. பாதி நன்றாக இருந்துவிட்டால் அதுவே ஒட்டிக்கொண்டு இறுதி வரியாகிவிடும்.

சோகம் என்றால் மைனர் என்று நினைப்பது

ஏ மைனர், எஃப், சி, ஜி. இந்த நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுழற்சியில் எத்தனை பிரிவுப் பாட்டுகள் ஓடுகின்றன என்று எண்ணி மாளாது. தவறு கார்டில் இல்லை. நினைவு என்பது பாதி இனிப்பு. முழுக்க இருட்டாக வைத்துவிட்டால் எதை இழந்தோம் என்றே தெரியாது. சொல்லப்போனால் 1965இல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'யெஸ்டர்டே' மைனரில் அல்ல, வெளிச்சமாகக் கேட்கும் மேஜரில், எஃப் மேஜரில் நிற்கிறது.

ஒரு வழி இதோ. சி மேஜர், எஃப் மேஜர், எஃப் மைனர், மறுபடி சி மேஜர். எஃப் மேஜரில் உள்ள ஏ ஸ்வரம் எஃப் மைனரில் அரை ஸ்வரம் இறங்கி ஏ ஃபிளாட் ஆகிறது, பிறகு சி மேஜரின் ஜி-யில் போய் அமர்கிறது. வெளிச்சமான அறையில் ஒரு விளக்கு அணைவது போன்ற இந்த நிறம் நமக்குப் பழக்கமானதே. 26ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சாருகேசியில் ரிஷபமும் காந்தாரமும் மேஜரின் பக்கம், தைவதமும் நிஷாதமும் மைனரின் பக்கம்.

இதில் கெடுவது எங்கே? எஃப் மைனர் ஒலிக்கும்போது பாடகர் பழக்கத்தில் சதுஸ்ருதி தைவதத்தை (ஏ) பாடிவிடுவார். கார்டில் இருப்பது சுத்த தைவதம் (ஏ ஃபிளாட்). இரண்டும் உரசிக் காது கூசும். அந்த இடத்தைத் தாளில் குறித்துக் கொடுங்கள். அல்லது மெட்டை அங்கே ஷட்ஜத்திலோ மத்யமத்திலோ நிறுத்துங்கள், அவை இரண்டு கார்டுக்கும் பொது.

கட்டை தப்புவது

இசையமைப்பவர் தன் தொண்டைக்கு ஏற்ற சுருதியில் மெட்டுப் போட்டு, கருவிகளையெல்லாம் பதிந்து முடித்த பிறகு பாடகரைக் கூப்பிடுவார். பல்லவி எட்டாது. அப்போது பதிவான கிதாரையும் வயலினையும் மென்பொருளில் இரண்டு ஸ்வரம் இறக்கினால் ஒலி பிசுபிசுக்கும். முதலில் பாடகரை வைத்து அளவெடுங்கள். கத்தாமல் "ஆ" என்று 4 விநாடி பிடிக்க முடிகிற உச்ச ஸ்வரம் எது? பல்லவியின் உச்சம் அதற்கு ஒரு முழு ஸ்வரம் கீழே இருக்கட்டும். கடைசிப் பல்லவியை அரைக் கட்டை ஏற்ற நினைத்தாலும் இடம் இருக்கும்.

ஜோடிப் பாட்டில் இது இன்னும் கடுமை. ஆண் குரல் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் (அதாவது சி முதல் டி), பெண் குரல் 5 முதல் 6 கட்டைக்குள் வசதியாக இருக்கும். ஒரே சுருதியில் ஒரே மெட்டை இருவருக்கும் கொடுத்தால் ஒருவர் அடித்தொண்டையில் முணுமுணுப்பார், மற்றவர் கத்துவார். இடையிசையில் சுருதியை மாற்றி இரண்டாம் சரணத்தை வேறு கட்டையில் தொடங்குவது பழைய, நல்ல வழி.

நீண்ட முன்னிசை

70 பிபிஎம் (நிமிடத்துக்கு 70 அடி) வேகத்தில் ஒரு அடி 0.86 விநாடி. நாலு அடித் தாளத்தில் 8 ஆவர்த்த முன்னிசை வைத்தால் 27 விநாடி. ஸ்பாட்டிஃபை ஒரு கேட்பை எண்ணுவதே 30 விநாடி தாண்டிய பிறகுதான். குரல் வருவதற்குள் ஆள் போயிருப்பார். 4 ஆவர்த்தம், அதாவது 14 விநாடிக்குள் முதல் சொல் விழட்டும். வேகத்தை 60க்குக் கீழே இறக்கினால் பாடகருக்கு மூச்சு போதாது, வரி பாதியில் உடையும்.

குரலில் அழுவது

ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் விம்மல், முடிவில் நடுக்கம். முதல் சரணத்திலேயே இது வந்துவிட்டால் கடைசிப் பல்லவிக்கு ஏற எதுவும் இருக்காது. முதல் சரணத்தைச் சேதி சொல்வதுபோல் நேராகப் பாடச் சொல்லுங்கள். குரல் உடைவது பாட்டு முழுக்க ஒரே இடத்தில், அதுவும் திட்டமிடாமல் வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மைக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். நெருக்கமாகக் கேட்க வேண்டும் என்று 5 செ.மீ.க்கு வந்தால் அடிஒலி வீங்கி, "ப", "ம" எல்லாம் குமுறும். உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அளவில் நிற்கும்படி அளவை வையுங்கள். மின்விசிறி, ஏசி இரண்டையும் அணைத்துவிட்டு, பாடகருக்குப் பின்னால் தடித்த கம்பளியோ மெத்தையோ தொங்கவிடுங்கள். மெதுவான பாட்டில் இடைவெளி அதிகம், விசிறிச் சத்தம் ஒளிய இடமில்லை.

சுருதி திருத்தும் மென்பொருளை வேகமாக வைத்தால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கும் கமகம் படிக்கட்டாகிவிடும். தவறிய ஸ்வரத்தை மட்டும் கையால் திருத்துவது நேரம் பிடிக்கும், ஆனால் வேறு குறுக்குவழி இல்லை. மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டுவதும் வேண்டாம். 6 டெசிபெல் குறைத்தால் போதும்.

வயலின் வெள்ளமும் எதிரொலியும்

'யெஸ்டர்டே'க்கு ஒரு கிதாரும் நாலு பேர் கொண்ட தந்திக் குழுவும் போதுமாக இருந்தன: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. பாட்டின் நீளமும் இரண்டு நிமிடம் சொச்சம்தான். நாமோ கீபோர்டில் நாற்பது பேர் வயலின் ஒலியை முதல் நொடியிலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறோம். முதல் சரணத்துக்கு ஒரே கருவி. தந்திகள் இரண்டாம் பல்லவியில் நுழையட்டும். புல்லாங்குழலும் சாரங்கியும் ஒரே இடையிசையில் வேண்டாம். தந்தி ஒலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 முதல் 3 டெசிபெல் இறக்கினால் சொற்கள் மேலே வரும். சொல்லின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான்.

எதிரொலி 2 விநாடிக்கு மேல் நீண்டால் அடுத்த சொல்லின் தலையில் விழும். குரலுக்கும் எதிரொலிக்கும் நடுவே 50 மில்லி விநாடி அளவுக்கு இடைவெளி வைத்தால் மெய்யெழுத்து தெளிவாக விழுந்த பிறகு எதிரொலி எழும்.

முடிப்பில் சத்தத்தைக் கூட்டி மைனஸ் 8 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) வரை நசுக்குகிறார்கள். ஸ்பாட்டிஃபை இயல்பாகவே அதை மைனஸ் 14க்கு இறக்கிவிடும். மிஞ்சுவது சரணமும் பல்லவியும் ஒரே உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் பாட்டு. உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள்.

பழைய பாட்டைக் கடன் வாங்குவது

நினைவு என்றதும் ஒரு பழைய சினிமாப் பாட்டின் துணுக்கை இடையிசையில் செருகத் தோன்றும். "ஏழெட்டு விநாடிவரை எடுக்கலாம்" என்பது வெறும் வதந்தி, சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு இல்லை. மெட்டுக்கும் வரிக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. நீங்களே மறுபடி பாடிப் பதிந்தாலும் முதல் உரிமை பாக்கி இருக்கும். யூடியூபின் கன்டென்ட் ஐடி (ஏற்றும் காணொளியில் பிறர் பாட்டு இருக்கிறதா என்று தானாகத் தேடும் ஏற்பாடு) துணுக்கைக்கூடப் பிடித்துவிடும், வருமானம் உரிமையாளர் பக்கம் போகலாம்.

முடிவில் பல்லவியை நாலு முறை சுழற்றி ஒலியை மெல்லத் தேய்ப்பதைவிட, இரண்டோடு நிறுத்திக் கடைசி வரியைக் கருவி இல்லாமல் விடலாம். அப்படி விட்டால் பாட்டை மென்பொருளிலிருந்து ஒலிக்கோப்பாக வெளியே எடுக்கும்போது கடைசிச் சொல்லுக்குப் பின் குறைந்தது 4 விநாடி காலி இடம் வையுங்கள். இல்லாவிட்டால் எதிரொலியின் வால் அறுபட்டு, கதவைச் சாத்தியது போல "டப்" என்று நிற்கும்.