அரை கிரவுண்டு வீட்டில் என்ன மரம் வைக்கலாம்?

நர்சரிக்குப் போய் எது அழகாகப் பூத்திருக்கிறதோ அதை வாங்கி வந்து கேட்டோரம் நட்டுவிடுகிறோம். அதற்கு முன்னால் மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, செப்டிக் டேங்க், சம்ப், போர் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் மரம் தேட வேண்டும்.

சென்னைப் புறநகர் மனைகளில் காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நாலைந்து அடிதான் இருக்கும், அங்கே பவழமல்லியோ மந்தாரையோ போதும். பத்து, பதினைந்து அடி இருந்தால் சரக்கொன்றை, மகிழம். மகிழம் நிதானமாகத்தான் வளரும், ஆனால் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும், பூ காய்ந்த பிறகும் மணக்கும், அதனால் என் ஓட்டு அதற்குத்தான்.

தெருப்பக்கம் நிழல் வேண்டுமென்றால் புங்கன். மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் புதுத் தளிர் விட்டுவிடும், இலையில் வரும் கொப்புளங்களைப் பார்த்து மருந்தடிக்க ஓட வேண்டாம். வேம்புக்கு இன்னும் இடம் வேண்டும். நாவலை கார் நிறுத்தும் இடத்தில் வைக்காதீர்கள், பழக்கறை லேசில் போகாது. ஈசிஆர் பக்கம் மணலும் உப்புக்காற்றும் என்றால் புன்னை, பூவரசு. பூவரசை ஒரு போத்து வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

நாட்டு மரம்தானே என்று ஆலையும் அரசையும் வீட்டோரம் கொண்டுவந்துவிடாதீர்கள், வேர் சுவரைப் பிளந்துவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சாய்ந்தவற்றில் குல்மொகரும் தூங்குமூஞ்சியும் ஏராளம், இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. சீக்கிரம் மறைப்பு கிடைக்கும் என்று கோனோகார்பஸ் என்ற மரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், குஜராத்தில் 2023-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள், வேண்டவே வேண்டாம்.

கன்று வாங்கும்போது உயரத்தில் மயங்காதீர்கள். பைக்குள் வேர் சுருண்டு கிடக்கும் ஆறடிக் கன்றைவிட தண்டு தடித்த மூன்றடிக் கன்று மேல், வனத்துறை நாற்றங்காலில் விலையும் குறைவு. ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, எடுத்த மண்ணோடு மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து நடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும், அப்படியே புதைக்கிறவர்களும் இருக்கிறார்கள்! அப்புறம், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விடுங்கள், தண்டை ஒட்டி ஊற்றாமல் ஓரடி தள்ளிப் பாத்தி கட்டி.